டார்ஜீலிங் மலை ரயிலுக்குப் பல் தண்டவாளம் போட்டிருக்க வேண்டுமா?

மலைத்தடம்:
டார்ஜீலிங் பாதையின் லூப்புகளையும் (தடம் வட்டமடித்துத் தன் மேலேயே கடந்து ஏறும் இடங்கள்) ஜிக்ஜாக்குகளையும் (ரயில் முன்னும் பின்னுமாகப் போய் ஏறும் இடங்கள்) பொறியியல் சாதனை என்று எல்லாரும் கொண்டாடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிலிகுரியிலிருந்து கூம் நிலையம் (2,258 மீட்டர்) வரை ஏற்றம் சுமார் 2,100 மீட்டர். நம் நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் பகுதி மாதிரி 12.28 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் பல் தண்டவாளம் (நடுவில் பற்கள் கொண்ட சட்டம், அதில் எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும்) போட்டிருந்தால் 26 கிலோமீட்டரில் மேலே போயிருக்கலாம். இப்போது அந்த உயரத்துக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறது. 1881 ஜூலையில் டார்ஜீலிங் வரை திறந்தார்கள். மறு ஆண்டே சுக்னா–கயாபாரி இடையே நான்கு லூப், நான்கு ஜிக்ஜாக் சேர்க்க வேண்டி வந்தது. முதலில் போட்ட சரிவு தப்பு என்பதற்கு இது போதாதா?

நீராவிப்பிரியன்:
ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். நீலகிரியில் இருக்கும் ஆப்ட் முறை (இரண்டு பல் சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைக்கும் முறை) முதன்முதலில் ஓடியது ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில், 1885-இல். டார்ஜீலிங் பாதையைப் போட்ட பிராங்க்ளின் பிரெஸ்டேஜ் அந்த வேலையைத் தொடங்கியது 1879. அன்று பேர் பெற்றிருந்தது சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் இருந்த ரிக்கன்பாக் முறை, அதாவது ஏணி போன்ற பல் தண்டவாளம். அந்தப் பாதை ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. அதை நம்பி சரக்கும் ஆளும் போகும் நீண்ட தடத்தை யார் போடுவார்கள்? நீலகிரிக்கே 1899-இல்தான் குன்னூர் வரை ரயில் வந்தது.

1882 மாற்றத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வண்டிச் சாலையை ஒட்டி முதலில் தண்டவாளத்தைப் போட்டு, ரயிலை ஓட்டி, எங்கே திணறுகிறது என்று பார்த்து அங்கே மட்டும் சரிவைத் தணித்தார்கள். கூமிலிருந்து இறங்கும் பக்கத்தில் பட்டாசியா லூப் வந்ததும் இப்படித்தான், 1919-இல்.

தண்டவாளம்610:
எடையையும் சேர்த்துப் பேசுங்கள். 12.28-க்கு 1 சரிவில் டன்னுக்கு 81 கிலோ இழுவிசை வேண்டும். நீலகிரியின் எக்ஸ் வகுப்பு எஞ்சின் 48 டன். தன்னைத் தானே ஏற்றிக்கொள்ளவே கிட்டத்தட்ட 3.9 டன் விசை போய்விடும். அந்த எடையைத் தாங்க மீட்டர் கேஜ், கனமான பாலங்கள் எல்லாம் வேண்டும். டார்ஜீலிங்கின் இரண்டடி அகலப் பாதையில் ஓடும் பி வகுப்பு எஞ்சின் சுமார் 15 டன்தான். மொத்த எடையும் நான்கு இயக்கு சக்கரங்கள் மேல் நிற்கிறது.

மலைத்தடம்:
அந்த நான்கு சக்கரம்தானே பிரச்சினை? மூடுபனியில் தண்டவாளம் நனைந்தால் பிடிமானம் பாதியாகிவிடும். 25-க்கு 1 சரிவு, வளைவு உராய்வு எல்லாம் சேர்த்து டன்னுக்கு 55 கிலோ என்று வையுங்கள். காய்ந்த தடத்தில் எஞ்சின் போக 50 டன் இழுக்கும். ஈரத்தில் 20 டன்னைத் தொடாது. அதனால்தான் எஞ்சினின் முன்பக்கப் பஃபர் பலகையில் இரண்டு பேரை உட்கார வைத்து மணல் தூவுகிறார்கள். பல் தண்டவாளத்துக்கு மழை ஒரு பொருட்டே இல்லை.

தண்டவாளம்610:
மணல் தூவுவது ஒரு கைத்திறன். நன்றாகக் காய்ந்த மணல் வேண்டும். ஈர மணல் கட்டியாக விழுந்து ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று வழுக்கும். அள்ளிக் கொட்டினால் பின்னால் வரும் பெட்டிகளின் உருள் தடை ஏறிவிடும். சக்கரம் வழுக்கிச் சுழன்றுகொண்டிருக்கும்போது மணல் போடவே கூடாது: திடீரெனப் பிடித்து இணைப்புத் தண்டு வளையும். முதலில் ரெகுலேட்டரை (நீராவியைத் திறந்து மூடும் கட்டுப்பாடு) மூட வேண்டும், பிறகு மணல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீராவி.

பல் தண்டவாளத்திலும் சிக்கல் உண்டு. கல்லாறில் எஞ்சின் மெதுவாக வந்து, ஸ்பிரிங் மேல் நிற்கும் நுழைவுத் துண்டில் பற்சக்கரத்தைப் பொருத்த வேண்டும். வேகம் மிஞ்சினால் பல்மேல் பல் ஏறிவிடும். இரண்டு பல் சட்டங்களையும் அரைப் பல் தள்ளி வைத்திருப்பது, எப்போதும் ஒரு பல்லாவது முழுதாகப் பிடித்திருக்கத்தான். ஒரு சட்டம் நகர்ந்தாலும் அந்தக் கணக்கு போச்சு.

நீராவிப்பிரியன்:
ஜிக்ஜாக்கின் குறையையும் சொல்லிவிடலாம். ரயில் முட்டுத் தடத்துக்குள் (மேலே போகாமல் முடியும் தடம்) முழுதாகப் போய் நின்ற பிறகுதான் பாயின்ட்ஸை (தடம் மாற்றும் அமைப்பு) மாற்றிப் பின்னோக்கி ஏற முடியும். ஆகவே முட்டுத் தடத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் ரயில். பெட்டியைக் கூட்ட வழியே இல்லை.

மலைத்தடம்:
சரி, 1879-இல் பல் தண்டவாளம் கைக்கு எட்டவில்லை என்றே வைப்போம். வண்டிச் சாலையிலேயே தடம் போட்டதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? சாலை சரிந்தால் ரயிலும் நிற்கிறது. 2010-இல் இந்தப் பாதையிலுள்ள பாக்லாஜோராவில் நடந்த மண்சரிவுக்குப் பின் முழுப் பாதையிலும் ரயில் ஓட 2015 டிசம்பர் ஆனது. தனித்தடம் போட்டிருந்தால் சரியும் முகங்களை விட்டு விலகிப் போயிருக்கலாம்.

தண்டவாளம்610:
விலகி எங்கே போவது? பாக்லாஜோராவில் ஓடைநீர் இறங்கி மலைச்சரிவையே அரிக்கிறது. அங்கே தனித்தடத்துக்குப் புதிதாகச் சரிவை வெட்டினால் அடிவாரம் இன்னும் பலவீனமாகும். முதலில் செய்ய வேண்டியது மேலிருந்து வரும் நீரைத் திருப்பும் வடிகால், அதற்குப் பிறகுதான் தாங்குசுவர். வடிகால் இல்லாத சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி, சுவரையே தள்ளிவிடும்.