ஆன்லைன் கோர்ஸ்ல நீங்க கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொன்னாங்களா?

கடைசிபெஞ்சு: புள்ளியியல் கோர்ஸ். பி-வேல்யூவுல ஒரு சந்தேகம், கலந்துரையாடல் பக்கத்துல கேட்டேன். வாரக்கணக்கா ஒரு பயலும் எட்டிப் பார்க்கல. கோர்ஸ் முடிஞ்சதும் ஃபீட்பேக் ஃபார்ம் வருது: "ஆசிரியருடனான தொடர்பு திருப்தியாக இருந்ததா?" நட்சத்திரம் போட்டாத்தான் சர்டிஃபிகேட் டவுன்லோட் பட்டனே வரும். கடுப்புல அஞ்சையும் அழுத்திட்டேன். என் கேள்விக்குக் கீழ "0 பதில்கள்"னு இன்னும் நிக்குது.

மழைக்காகிதம்: எனக்கு நேர்மாறு. புரோகிராமிங் கோர்ஸ்ல லூப் நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு. எழுதின புரோகிராமை அப்படியே ஒட்டிக் கேட்டேன். உதவி ஆசிரியர் விடையைச் சொல்லவே இல்ல. "ஏழாவது வரியிலிருந்து சத்தமா படிங்க. கவுண்டர் எங்க கூடுது?" அவ்வளவுதான். படிச்சேன். எங்கயும் கூடல! அந்தக் கோர்ஸ் வீடியோ ஒண்ணுகூட இப்ப ஞாபகம் இல்ல.

நூல்கண்டு: @கடைசிபெஞ்சு ஆயிரக்கணக்குல சேர்ற கோர்ஸ்ல ஆளாளுக்கு வாத்தியார் பதில் போட முடியுமா? பாடத்தோட, ஆசிரியரோட, சக மாணவரோடன்னு ஊடாட்டத்தை தொலைதூரக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1989லயே மூணா பிரிச்சுட்டார். அதுல ஒண்ணு பலமா இருந்தாலே ஆழமா கத்துக்கலாம், மத்த ரெண்டும் குறைஞ்சாலும் பாதகமில்லன்னு 2003ல அதே துறை ஆய்வாளர் டெர்ரி ஆண்டர்சன் எழுதினார். அதனால சக மாணவர்கிட்ட பதில் வாங்கப் பாருங்க, அப்படிக் கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கு. தலைப்புல "சந்தேகம்"னு மட்டும் போட்டா யாரும் திறக்க மாட்டாங்க. எந்த வீடியோ, எந்த நிமிஷம், நீங்க என்ன முயற்சி பண்ணீங்க, எங்க இடிக்குதுன்னு எழுதுங்க. முதல்ல மத்தவங்க கேள்விக்குப் பதில் போடுங்க, உங்க பேர் பழகும். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், தேடல்ல சிக்காது. என் அனுபவமா? சக மாணவர் மதிப்பீட்டுல என் நாலு பக்கக் கட்டுரைக்கு "குட்"னு ஒரு வார்த்தை வந்துச்சு.

கடைசிபெஞ்சு: வாத்தியார்தான் வரணும்னு நான் எங்க சொன்னேன்? அதே ஆண்டர்சன், ஒண்ணுக்கு மேல நல்லா அமைஞ்சா திருப்தி கூடும், ஆனா செலவும் நேரமும் கூடும்னும் எழுதியிருக்கார். அந்தப் பாதிய ஏன் முழுங்கிட்டீங்க? நான் திருப்தியைப் பத்தித்தானே பேசுறேன்.

அரைத்தூக்கம்: சண்டைக்கு நடுவுல என்னோடது. நேரலை வகுப்புல பிரேக்அவுட் ரூம், அதாவது சின்னச் சின்னக் குழுவா பிரிச்சு விடுற தனி அறை. எல்லாரும் கேமராவ அணைச்சு வச்சிருக்காங்க, கறுப்புக் கட்டம்தான் தெரியுது. யாரோ மைக்கை மூட மறந்து கொட்டாவி விட்டாங்க. அடக்க முடியாம நான் சிரிச்சுட்டேன், அங்கயிருந்தும் சிரிப்பு. "உங்களுக்கும் புரியலையா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அப்பத்தான் பேச்சே தொடங்குச்சு, டைமர் முடிஞ்சு மெயின் ரூமுக்கு இழுத்துப் போட்டுடுச்சு. அடுத்த வகுப்புல குழு பிரிச்சப்போ வேற ஆளுங்க.