ஸ்பின் ஓடும்போது வாஷிங் மெஷின் நகர்ந்து வருகிறது

கேள்வி: 7 கிலோ ஃப்ரன்ட் லோட். வீடு மாறியதிலிருந்து, ஸ்பின் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குப் போனதும் கடகடவென்று ஆடி அரை அடி முன்னால் வந்துவிடுகிறது. துவைக்கும்போது ஆட்டம் இல்லை. பாத்ரூமில் சக்கர ஸ்டாண்டு மேல் இருக்கிறது. எங்கே கோளாறு?

பதில் 1: ஷிஃப்டிங்கில் டிரான்ஸிட் போல்ட் (கொண்டுபோகும்போது உள்ளே ஆடாம பூட்டி வைக்கிற போல்ட்) போட்டாங்களா? பின்பக்கம் மூணோ நாலோ இருக்கும். கழற்றாம ஓட்டினா டப் (டிரம்மைச் சுற்றி இருக்கிற வெளித் தொட்டி) ஸ்பிரிங்கில் ஆட முடியாம மொத்த அதிர்வும் பாடிக்கு வரும். உடனே நிறுத்திட்டுப் பாருங்க. போல்ட்டே போடாம ஏற்றியிருந்தா, வண்டிக் குலுக்கலில் ஸ்பிரிங் கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். அப்போ டிரம் ஒரு பக்கம் தாழ்ந்து தெரியும்.

பதில் 2: அந்தச் சக்கர ஸ்டாண்டை முதல்ல எடுத்துடுங்க. ஸ்பின் வேகத்துக்கு அது தாங்காது. பாத்ரூம் தரை வேற தண்ணி ஓட வாட்டம் கொடுத்துப் போட்டது; நாலு காலும் ஒரே உயரத்தில் இருந்தா மெஷின் சாய்ஞ்சு நிற்கும், இல்லேன்னா ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். முடிஞ்சா வாட்டமில்லாத இடத்துக்கு மாத்துங்க. மேலே ரசமட்டம் வெச்சு நீளவாட்டிலும் குறுக்கிலும் பாருங்க. அப்புறம் எதிரெதிர் மூலைகளை அழுத்துங்க, துளிகூட ஆடக்கூடாது. கடைசியா ஒவ்வொரு காலிலும் லாக் நட்டை மேலே ஏற்றி அடித்தகட்டோடு இறுக்கணும். பலரும் விடுறது இதைத்தான். விட்டா அதிர்வில் கால் தானா திருகி மறுபடி லெவல் போயிடும்.

கேள்வி கேட்டவர்: போல்ட் இல்லை, ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. தரையில் இறக்கி லெவல் செய்தாகிவிட்டது. நகர்வது நின்றது, ஆட்டம் குறையவில்லை.

பதில் 3: பிளக்கைப் பிடுங்கிட்டு, காலி டிரம்மைக் கீழே அழுத்தி விடுங்க. ஒரு தடவை மேலே வந்து நிற்கணும். மூணு நாலு தடவை குதிச்சா ஷாக் அப்சார்பர் (டப்போட ஆட்டத்தை அடக்குற தண்டு) போச்சு. கழற்றிக் கையால் இழுத்தா இறுக்கமா வரணும். சைக்கிள் பம்ப் மாதிரி லேசா ஓடினா மாத்தணும். ஒண்ணு மட்டும் மாத்தாதீங்க, எல்லாத்தையும் சேர்த்து மாத்துங்க. இல்லேன்னா டப் ஒரு பக்கமா இழுக்கும்.

அதுவும் நல்லா இருந்தா, டிரம்மின் வாய் விளிம்பைப் பிடிச்சு மேலும் கீழும் அசைங்க. வெளி டப் அசையாம டிரம் மட்டும் ஆடினா கோளாறு பேரிங்கில், இல்லேன்னா பின்னால் டிரம்மைத் தாங்குற ஸ்பைடர்ங்கிற உலோகச் சட்டத்தில். அதோட ஓட்டாதீங்க.

பதில் 2: ஒண்ணு விட்டுப்போச்சு: கனமான போர்வையைத் தனியா போடாதீங்க. தண்ணி குடிச்சு ஒரே பக்கம் உருண்டுக்கும், நல்ல மெஷினும் ஆடும். கூட நாலஞ்சு துண்டு போடுங்க.