நெடுந்தீவுப் பக்கம் போட்டிலை போறவை ஒருக்கால் சொல்லுங்கோ

அண்ணாமார், ஒரு உதவி. ஊர்காவற்றுறையிலயிருந்து எழுவைதீவு, அனலைதீவு, பிறகு நெடுந்தீவு எண்டு சுத்திவர 18 அடி பைபர் போட், 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின் ஆயத்தம். நிப்பாட்ட முன்னம் பெற்றோலுக்கு மாத்தாட்டி அடுத்தநாள் கயிறு இழுத்தே கை போகும், அது தெரியும். பிரச்சினை சாதாளை, அதுதான் கடல்புல்லு. ஆழமில்லாத இடத்திலை, எஞ்சின் சூடாகாமல் இருக்கத் தண்ணி உறிஞ்சிற துவாரத்தை அடைக்குது. பீச்சிற தண்ணி நூல்மாதிரி மெலிஞ்சால் உடனை நிப்பாட்டோணும், இல்லாட்டி தண்ணியை இழுக்கிற இம்பெல்லர் கருகும். அந்தத் துவாரத்துக்கு மேலாலை வலை கட்டிப் பாத்தவை ஆரும் இருக்கிறியளோ? தண்ணி வரத்துக் குறையாதோ?

மற்றது, சோளகக் காத்து அடிக்கேக்கை நெடுந்தீவு மாவிலித்துறைப் பக்கம் நங்கூரம் பிடிக்குமோ? அடி கல்லெண்டால் எத்தினை பாகம் கயிறு விடுறியள்? தீவுச் சனத்துக்கு என்ன சாமான் கொண்டுபோறது எண்டும் சொல்லுங்கோ. வெறுங்கையோட போய் அவையின்ரை நல்லதண்ணியைக் குடிக்கேலாது.