வட்டுவாகல் வீட்டார்: குடும்பக் குழு

பெரியம்மா: ஒரு குரல்பதிவு வந்தது. முல்லைத்தீவுக் கடலில் நஞ்சு கலந்துவிட்டதாம், மீன் வாங்கவேண்டாமாம். உண்மையே?

சின்ன மாமா: ஆர் அக்கா உங்களுக்கு உதெல்லாம் அனுப்புறது? காலையில்தான் கரைவலை இழுத்துவிட்டு வந்தேன். தண்ணீர் பயறு ஊறவைத்த நிறம். வலை முழுக்கச் சளி மாதிரி வழுவழு. மூன்று தரம் அலசியும் போகவில்லை.

பெரியம்மா: பார்த்தியோ!

துளசி: பொறுங்கோ பெரியம்மா. மாமா, நந்திக்கடல் களப்பின் முகத்துவாரம் கடலுக்கு வெட்டியாச்சோ?

சின்ன மாமா: வெட்டி எட்டு நாள்.

துளசி: அப்ப அதுதான். மாரி வெள்ளத்தோடு வயல் உரமும் குளத்து வண்டலும் கடலுக்குப் போய்விட்டது. தாவரப் பிளாந்தனுக்கு அது விருந்து. கண்ணுக்குத் தெரியாத பாசிதான், கண்ணாடி போல சிலிக்கா ஓடு உள்ளதும் உண்டு. பெருகினால் கடலே நிறம் மாறும்.

ரமணன் அண்ணா: இங்கே நோர்வேயில் மார்ச், ஏப்ரலில்தான் கரையோரம் பச்சையாகும். ஆழக்கடலில் மே ஆகிவிடும்.

துளசி: அங்கே குளிர்காலப் புயல் அடியிலிருந்து சத்தைக் கிளப்பி வைக்கும், வெயில்தான் இல்லை. இங்கே வெயிலுக்குக் குறைவில்லை அண்ணா, சத்துக்குத்தான் பஞ்சம்.

சின்ன மாமா: அது சரி, வெளியே போனால் கடல் கருநீலமாகக் கிடக்கே?

துளசி: கங்கை, பிரமபுத்திரா, மகாநதி எல்லாம் வங்கக் கடலில் நன்னீரைக் கொட்டுகின்றன. அது பாரம் குறைவு, உப்புத்தண்ணீருக்கு மேலே மூடி போலக் கிடக்கும். காற்று எளிதில் கலக்காது, அடியில் உள்ள சத்து மேலே வராது. பாசி அங்கேயும் உண்டு, ஐம்பது மீற்றர் அளவு கீழே. செய்மதிக்கும் தெரியாது. சோளகத்தில், அதுதான் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், நம் தீவின் தெற்குக் கரையில்தான் கூத்து. காற்று மேல்தண்ணீரைத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழும். அந்தப் பச்சையை நீரோட்டம் வங்கக் கடலுக்குள்ளும் இழுத்து வரும்.

பெரியம்மா: பிள்ளை, மீன் வாங்கலாமோ இல்லையோ?

துளசி: உயிரோடு பிடித்தது என்றால் வாங்கலாம். மட்டி, சிப்பி கொஞ்ச நாளைக்கு வேண்டாம், அதுகள் தண்ணீரை வடித்துத் தின்பவை. கரையில் செத்து ஒதுங்கியதைத் தொடவே வேண்டாம். பாசி அளவுக்கு மிஞ்சி அழுகினால் தண்ணீரில் ஒட்சிசன் போய்விடும். 2019 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் மண்டபம் பக்கம் அப்படித்தான் மீன் செத்து ஒதுங்கியது.

சின்ன மாமா: அக்கா, நெத்தலி நல்லாய்ப் பட்டிருக்கு. ரெண்டு கிலோ எடுத்து வைக்கட்டோ?

பெரியம்மா: வை. அந்தச் சளித் தண்ணீரில் மட்டும் கழுவிப்போடாதே.