1903 ஒரு வெள்ளி நாணயம்: எடை 22.3 கிராம்தான் வருகிறது, அசலா?

ஈசூன்வாசி: ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பழைய பிரிட்டிஷ் குடியேற்றம்) ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், 1903, ஏழாம் எட்வர்டு தலை. விட்டம் 37 மி.மீ. காந்தத்தில் ஒட்டவில்லை, அப்படியென்றால் வெள்ளிதானே? கூடவே ஆறாம் ஜார்ஜ் தலையுள்ள சதுர வடிவ ஒரு காசு (ஒரு சென்ட்) நாணயமும் இருக்கிறது. அதில் ஆண்டு மழுங்கிப் போயிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பழங்காசு: புளி வேண்டவே வேண்டாம். அமிலம் செம்பின் மேல்தோலை அரித்து, மிச்சமிருக்கும் எழுத்தையும் கொண்டுபோய்விடும்.

காந்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பித்தளையும் ஒட்டாது. 1903 ஒரு வெள்ளி நாணயத்துக்கு எடை 26.95 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி உலோகம். வெள்ளி விலை ஏறியதால் 1907இல் நாணயத்தைச் சிறிதாக்கி 20.21 கிராமுக்கு இறக்கினார்கள், ஆனால் அதன் விட்டம் 34 மி.மீ. உங்களுடையது இரண்டிலும் சேரவில்லை. ஆண்டு தெளிவாகத் தெரியும் நாணயம் தேய்ந்து நாலரை கிராம் குறையாது.

தராசு: அடர்த்தியையும் பார்த்துவிடுங்கள் ஐயா. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி முழுதாக மூழ்கவிடுங்கள். அடியில் படக்கூடாது, பட்டால் நாணயத்தின் எடையும் சேர்ந்துவிடும். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியைத் தட்டிவிடுங்கள். 22.3ஐ அப்போது வரும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. அசலுக்குச் சுமார் 10.3 வரவேண்டும். சமையலறைத் தராசு உதவாது, 2 என்றோ 3 என்றோ காட்டினால் விடையே மாறிப்போகும்.

ஈசூன்வாசி: 2.60 வந்தது. அடர்த்தி 8.6.

தராசு: பித்தளை மாதிரிக் கலவை, மேலே வெள்ளிப் பூச்சு. போலிதான், வருத்தமாக இருக்கிறது. யாருக்கும் அசல் என்று கொடுத்துவிடாதீர்கள்.

பழங்காசு: சதுரக் காசின் எடை?

ஈசூன்வாசி: 4.1 கிராம். பக்கம் 20 மி.மீ.

பழங்காசு: அப்படியானால் 1943 அல்லது 1945. 1939 முதல் 1941 வரை வந்தவை 21 மி.மீ., ஏறக்குறைய 5.8 கிராம். இருட்டில் டார்ச்சை மேசையோடு படுக்க வைத்து, நாணயத்தை மெதுவாகச் சுற்றுங்கள். கடைசி எண்ணின் மேல்பாதியைப் பாருங்கள்: இடப்பக்கம் நேர்க்கோட்டின் நிழல் விழுந்தால் 5, வலப்பக்கம் வளைந்தால் 3.

ஈசூன்வாசி: இடப்பக்கம்தான் நிழல். 1945! மிக்க நன்றி.