புதுப்பிப்பு: சோனி ஏ7 மூன்றிலிருந்து ஏ7 நான்குக்கு மாறலாமா?

பறவைப் படங்களுக்காக, 2018இல் வெளிவந்த என் ஏ7 மூன்று கேமராவை விட்டு 2021இல் வந்த ஏ7 நான்குக்கு மாறலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வாங்கும் முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, என் லென்சையே பொருத்திப் பார்க்கச் சொன்ன யோசனைதான் முடிவெடுக்க உதவியது.

வேடந்தாங்கலில், அலகில் சுள்ளியைக் கவ்வியபடி கூட்டில் இறங்கும் மஞ்சள் மூக்கு நாரைகளை 200-600 மி.மீ. லென்சில் இரண்டு கேமராக்களிலும் மாறிமாறி எடுத்தேன். பழையதற்கு விலங்குகளின் கண்ணைக் கண்டறியும் வசதி 2019ஆம் ஆண்டு ஃபர்ம்வேரில் (கேமராவின் உள்மென்பொருள் புதுப்பிப்பில்) கிடைத்தது என்றாலும், பறவைகளுக்கு அது இல்லாததால் ஃபோகஸ் அடிக்கடி இறக்கை நுனியிலோ பின்னாலிருந்த கிளையிலோ போய் நின்றது; புதியதிலோ கண்ணைப் பிடித்துக்கொண்ட சிறு ஃபோகஸ் சதுரம், சுள்ளி குறுக்கே வந்தபோது மட்டுமே தடுமாறியது. 24 மெகாபிக்சல் 33 ஆனதால் படத்தைக் கத்தரிக்கச் சற்று இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நான் எதிர்பாராதது, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படமாக) எடுக்கும்போது, புதியதன் நொடிக்கு 10 படம் என்ற வேகம் தரம் சற்று இழந்து சுருக்கப்படும் வகைக்கு மட்டுமே என்பது. சுருக்காத ராவில் அது ஏறக்குறைய 6ஆகக் குறைகிறது. ஆயினும் பறவைக் கண்ணுக்காகவே வாங்கிவிட்டேன். பழைய பேட்டரிகள் அப்படியே பொருந்துவதால் அந்தச் செலவு மிச்சம்.