காயலான் கடை ரிசீவரும் தானாகத் திரும்பிய சக்கரமும்: அனுபவப் பகிர்வு

மொட்டைமாடி:

உடைந்த பொம்மை லாரியின் உள்போர்டைக் காயலான் கடையிலிருந்து எடுத்து வந்து, ஒட்டுப்பலகையில் ஒரு வண்டி செய்தேன். 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைப் பிடிக்கும் முன்பகுதியும், அதில் வரும் கட்டளையைப் படித்து மோட்டார்களை இயக்கும் ஆர்எக்ஸ்-2 சில்லும் உள்ள வழக்கமான ரிசீவர் போர்டு அது. டிரான்ஸ்மிட்டர், அதாவது கையில் பிடிக்கும் ரிமோட், வேறொரு செத்துப்போன காருடையது. அச்சுகள் பழைய பிரிண்டரின் எஃகுத் தண்டுகள், மோட்டார்கள் ரிச்சி தெருவில் வாங்கியவை. வண்டி ஒழுங்காகவே ஓடியது.

என்னை இன்றுவரை விடாமல் அரிப்பது ஒரு மாலை நேரம்தான். டிரான்ஸ்மிட்டரின் பின்மூடியைத் திறந்து, பேட்டரிகளை வெளியே எடுத்து, கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைத்திருந்தேன். வண்டி சுவிட்ச் போட்டபடி தரையில் நின்றது. அப்போது அதன் முன்சக்கரங்கள் சட்டென்று இடப்பக்கம் திரும்பின. சற்று நேரம் அப்படியே நின்றன. நேராகி, மறுபடியும் இடப்பக்கமே திரும்பின. ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்து விடுவது போல அவ்வளவு தெளிவாக இருந்தது அந்த அசைவு. மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. இப்படி யாருக்காவது நடந்ததுண்டா?

சிங்கப்பூர்வாசி:

எனக்கு நடந்தது வேறு வகை, ஆனால் அதுவும் பழைய ரேடியோ தொடர்பானதுதான். சுங்கை சாலைப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்கு முன், அங்கே தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் மாடல் கார்களை ஓட்டும் பழைய சான்வா ரேடியோ செட் (டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும்) ஒன்றைப் பார்த்தேன். என்னிடம் இருந்த தமியா மாடல் காரின் சேசிஸில் அதைப் பொருத்தலாம் என்று எண்ணி, பையிலிருந்த ஃபுடாபா நிறுவனத்தின் செர்வோவை (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டி) எடுத்து ரிசீவரில் சொருகிப் பார்க்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

பிறகு ஓர் ஊசியால் என் செர்வோ பிளக்கின் சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை நெம்பி, சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் உருவி, இடம் மாற்றிச் சொருகி, என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சான்வா" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பழைய சான்வா ரிசீவர்களில் பாசிட்டிவும் நெகட்டிவும் மற்ற நிறுவனங்களின் வரிசைக்கு மாறாக இருக்கும் என்பதை வீட்டிற்கு வந்து மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே அறிந்தேன். விற்க உட்கார்ந்தவருக்கு, வாங்க வந்தவன் செர்வோ கருகினால் என்ன நட்டம்? சந்தையே இல்லாமல் போனபின் அவரை எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

ஈயப்பற்று:

முதல் பதிவைப் போட்ட ஐயாவுக்கு: இதில் மர்மம் எதுவும் இல்லை, கீழ்வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டியிருப்பார்கள். என் பொம்மை ஜீப்பும் வீட்டில் சட்டினி அரைக்கும்போதெல்லாம் துடிக்கும். அந்தப் போர்டில் இருப்பது சூப்பர்-ரீஜெனரேட்டிவ் ரிசீவர்; ஒற்றை டிரான்சிஸ்டரில் அவ்வளவு உணர்திறன் கிடைப்பதற்கு விலையாக, அது தன் அலைவரிசையை விட்டு வெகுதூரம் தள்ளி வரும் குப்பையையும் கேட்கும். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் தெறிக்கும் பொறி அதற்குத் தாராளமாகப் போதும்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. ஒவ்வொரு மோட்டாருக்கும், பொறியின் இரைச்சலை அடக்க, 104 என்று அச்சிட்ட செராமிக் கண்டென்சர் மூன்று வையுங்கள்: ஒன்று இரு முனைகளுக்கும் குறுக்கே, மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு. உடலில் ஈயம் ஒட்டாவிட்டால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பற்ற வையுங்கள். மோட்டார் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, ஆன்டெனாவை விட்டு விலக்கிக் கொண்டுபோங்கள். ஆன்டெனா கம்பி நீளமாகத் தொங்குகிறதே என்று வெட்டிவிடாதீர்கள். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர், கால் அலைக்கே 2.75 மீட்டர் வேண்டும், பொம்மைக்காரர்கள் அதைச் சுருளால் ஈடுகட்டித்தான் அந்தச் சிறு கம்பியை வைத்திருக்கிறார்கள். ரிசீவருக்குத் தனி பேட்டரி கொடுத்தால் இன்னும் நல்லது.

சிங்கப்பூர் நண்பருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவர் கேட்கவில்லை என்றாலும். அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல்களையும் பாருங்கள். அந்தப் பழைய செட்டுகளில் ரிசீவர் கிரிஸ்டல், டிரான்ஸ்மிட்டர் கிரிஸ்டலைவிட 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக இருக்கும்; அதாவது 27.145 மெகாஹெர்ட்ஸுக்கு ஜோடி 26.690. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் செட் செத்தது போலக் கிடக்கும், நல்ல ரேடியோவைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள். ரிசீவருக்கு அருகே நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்திருந்தால் வெள்ளைப் பொடியை வினிகரால் துடைத்து, கம்பியின் உறையைச் சற்றுச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் கம்பியையே மாற்ற வேண்டும்.

பல்சக்கரம்:

மிக்ஸிக்கு எண்ணத் தெரியுமா, ஈயப்பற்று ஐயா? ஆர்எக்ஸ்-2 இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், முதலில் நான்கு நீள மின்துடிப்புகளும் அதன்பின் 58 குறுந்துடிப்புகளும் வர வேண்டும். வலப்பக்கத்திற்கு 64, முன்னே செல்ல 10, பின்னே செல்ல 40. குறுந்துடிப்பு ஒரு மில்லிவினாடி, நீளத்துடிப்பு இரண்டு. ஆக ஓர் இடப்பக்கக் கட்டளை 66 மில்லிவினாடி நீளம். பிரஷ் பொறி அந்த வரிசையை ஒருமுறை தற்செயலாக உண்டாக்கியது என்று வைத்துக்கொண்டாலும், சக்கரத்தைத் திருப்பி நிறுத்திவைத்து, விட்டு, மறுபடியும் அதே பக்கமே திருப்புவதற்கு அதையே விடாமல் திரும்பத் திரும்ப உண்டாக்க வேண்டும். உங்கள் ஜீப் துடித்தது, அவருடைய வண்டி கீழ்ப்படிந்தது, இரண்டும் ஒன்றல்ல.

அந்தச் சில்லில் தன் ரிமோட்டை மட்டும் அடையாளம் காணும் எந்த ரகசிய எண்ணும் கிடையாது. ஒரே சில்லு இருக்கும் எல்லாப் பொம்மைகளும் ஒரே மொழியில்தான் பேசுகின்றன, ரிசீவரின் காதும் அகலமானது. எங்கள் குடியிருப்பில் ஒரு பிறந்தநாள் விழாவில் பரிசாக வந்த போலீஸ் காரை ஒரு சிறுவன் ஓட்டியபோது, நான் பழைய போர்டு வைத்துக் கட்டிய படகு தண்ணீர்த்தொட்டியில் அதற்கேற்பச் சுற்றியது. அவன் காரைப் பின்னே இழுத்தபோது படகும் பின்னே வந்ததைப் பார்த்த அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது; அந்தப் படகு தன்னுடையது என்றே கடைசிவரை வாதாடினான்.

சோதிப்பதும் எளிது. அந்தத் துடிப்புகள் காதுக்குக் கேட்கும் வரம்பிலேயே இருக்கின்றன. சில்லுக்குள் சிக்னல் நுழையும் மூன்றாம் காலிலிருந்து (பின்) ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் வழியாக ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, ஸ்பீக்கரில் கேளுங்கள். வெறும் இரைச்சல் என்றால் சீறும். கட்டளை என்றால் ஒரே சீராகக் கரகரக்கும்.

மொட்டைமாடி:

சொன்னபடி செய்து பார்த்தேன். ஈயப்பற்று ஐயாவுக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, மோட்டார் கம்பிகளைக் கழற்றிவிட்டு, கீழே மிக்ஸியையும் ஓட்டச் சொன்னேன். சீறல் தடித்ததே தவிர, சில்லிலிருந்து இடப்பக்கக் கட்டளை வெளிவரும் ஏழாம் காலில் எதுவும் வரவில்லை. மிக்ஸியை நிறுத்திய பிறகும் காத்திருந்தேன். இருட்டுவதற்குச் சற்று முன் ஸ்பீக்கர் கரகரத்தது, ஏழாம் காலில் மீட்டர் முள் எழுந்தது, விட்டு மறுபடியும் எழுந்தது. என் டிரான்ஸ்மிட்டரில் அப்போதும் பேட்டரி இல்லை.

சுற்றியுள்ள மாடிகளையும் தெருவையும் எட்டிப் பார்த்தேன். கையில் ரிமோட்டோடு எவரும் தென்படவில்லை. ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது என்ற அளவில் பல்சக்கரம் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எப்போதும் இடப்பக்கம் மட்டும் ஏன்? ஒரு குழந்தை விளையாடினால் முன்னே, பின்னே, வலம் என்று எல்லாம் வர வேண்டுமல்லவா? பொத்தான் ஒன்று சிக்கிக்கொண்ட ரிமோட் எங்காவது அலமாரியில் கிடக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஈயப்பற்று:

விசாரியுங்கள். கண்டென்சர்களையும் போட்டுவிடுங்கள்.